டெஸ்மா நமக்கு வேதமா?

2024 ஜனவரி 9. அன்று காலை முதல் போக்குவரத்துத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தம் தொடங்கியிருந்தது. பொங்கலுக்கு ஊர் செல்லக் காத்திருந்தவர்கள் எல்லாரும் கலங்கி நின்ற வேளை. கோட்டூர்புரத்தில், அடையாற்றுக்குச் சற்றுத் தொலைவில் உள்ள வீட்டுவசதி வாரியக் குடியிருப்பு ஒன்றில் அன்று மாலை எங்கள் அன்பியக் கூட்டம் நடந்தது. செபமாலை முடிந்தது; இறைவார்த்தைப் பகிர்வும் முடிந்தது; தேநீர் வந்தது. தேநீரோடு அரசியலும் வந்தது.

அரசுத் துறை ஒன்றில் உயர் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் சொன்னார்: "2003-ல் அந்த அம்மா செய்ததுதான் சார் சரி. ஒரே ராத்திரி. எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினாங்க. அதுக்கப்புறம் பத்து வருஷம் ஒருத்தன் வாயைத் திறக்கல." அறையில் இருந்த பதினான்கு பேரில் பத்துப் பேராவது தலையசைத்தோம். நானும் அசைத்தேன் என்றே நினைக்கிறேன். குறைந்தது மறுத்துப் பேசவில்லை. கூட்டம் நடந்த வீட்டின் தலைவர் மட்டும் எதுவும் சொல்லாமல் தேநீர்க் குவளைகளை நிரப்பிக்கொண்டிருந்தார். அவருடைய மௌனத்தின் காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். என் மௌனத்துக்குக் காரணம் கோழைத்தனம். அதற்கான பரிகாரமாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

2003-இல் நடந்தது என்ன? இளைய வாசகர்கள் பலர் அறியமாட்டார்கள். மூத்தவர்கள் தங்களுக்கு ஏற்றவாறு நினைவில் வைத்திருக்கிறார்கள். நிதி நெருக்கடியைக் காட்டி, அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் நெடுங்காலமாகப் பெற்றுவந்த ஓய்வூதியப் பலன்கள் உள்ளிட்ட சில சலுகைகளை மாநில அரசு குறைத்தது. பேச்சுவார்த்தை பயன் தரவில்லை. ஜூலை 2 முதல் காலவரையற்ற வேலைநிறுத்தம் அறிவிக்கப்பட்டது. அது தொடங்குமுன்பே சங்கத் தலைவர்கள் நள்ளிரவில் வீடுகளிலிருந்து கைது செய்யப்பட்டனர். தமிழ்நாடு இன்றியமையாப் பணிகள் பராமரிப்புச் சட்டம், அதாவது நாம் 'டெஸ்மா' என்று சுருக்கமாகச் சொல்லிப் பழகிய 2002-ஆம் ஆண்டுச் சட்டம், ஓர் அவசரச் சட்டத்தால் மேலும் கூர்மையாக்கப்பட்டது. சில நாள்களுக்குள் ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர். குற்றக் குறிப்பாணை இல்லை, விளக்கம் கேட்கப்படவில்லை, விசாரணை இல்லை.

இந்த எண்ணிக்கையைச் சற்று எண்ணிப் பாருங்கள். 1981 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் ரொனால்டு ரேகன், வேலைநிறுத்தம் செய்த விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்கு 48 மணி நேரக் கெடு விதித்தார். திரும்பாத பதினோராயிரத்துச் சொச்சம் பேரை வேலையைவிட்டு நீக்கினார். உலகெங்கும் தொழிலாளர் வரலாற்று நூல்களில் இன்றும் அது ஒரு திருப்புமுனையாகப் பேசப்படுகிறது. தம் பங்குக்கு ஒரு காலத்தில் திரைப்பட நடிகர் சங்கத்தின் தலைவராக இருந்தவர் அவர்; நீக்கப்பட்டவர்களின் சங்கமோ 1980 தேர்தலில் அவரை ஆதரித்த சங்கம். அவர் நீக்கியதைப்போல் பதினைந்து மடங்குப் பேரை நம் மாநிலம் நீக்கியது. அதை நாம் தேநீர் அருந்தும்போது ஒரு நகைச்சுவைத் துணுக்கைப் போலச் சொல்லிச் சிரிக்கிறோம்.

வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. முதலில் மாநில நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போங்கள் என்றது இரு நீதிபதிகள் கொண்ட ஆயம். அந்தத் தீர்ப்பாயத்தில் அப்போது பணியில் இருந்தவர் ஒரே ஒருவர்! ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேரின் முறையீட்டை அவர் ஒருவர் எந்த ஆண்டில் கேட்டு முடிப்பார்? உச்ச நீதிமன்றத்துக்கே இது நடவாத செயல் என்று பட்டது. எனவே அங்கே ஓர் உடன்பாடு பிறந்தது. நிபந்தனையற்ற மன்னிப்புக் கேட்க வேண்டும். வேலைநிறுத்தத்தைத் தடைசெய்யும் நடத்தை விதி 22-க்கு இனிப் பணிந்து நடப்பதாக எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளப்படுவர். கைதானவர்களும் வழக்குப் பதிவானவர்களுமான சில ஆயிரம் பேர் மட்டும் வெளியே நிறுத்தப்பட்டனர். 2003 ஆகஸ்ட் 6 அன்று வெளிவந்த, டி.கே. ரங்கராஜன் தொடுத்த வழக்கின் தீர்ப்பு, இந்த ஏற்பாட்டோடு நின்றிருந்தால் நானும் நீதிமன்றத்தின் கருணையைப் புகழ்ந்து நிறுத்திக்கொள்வேன். தீர்ப்போ மேலும் நடந்தது. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமை இல்லை என்றது. சட்டவழி உரிமை இல்லை என்றது. மூன்றாவதாக, அதற்கு ஒழுக்கநெறியிலும் நியாயம் இல்லை என்றது.

முதல் இரண்டையும் சட்டம் படித்தவர்கள் விவாதிக்கட்டும். சங்கம் அமைக்கும் உரிமைக்குள் வேலைநிறுத்த உரிமை அடங்காது என்று 1960-களின் தொடக்கத்திலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. அமைதியான ஆர்ப்பாட்டத்தை விதியால் முற்றிலும் தடுக்க முடியாது என்று சொன்ன பீகார் வழக்கில்கூட, வேலைநிறுத்தத்தை அது காக்கவில்லை. ஆனால் மூன்றாவது கூற்றைப் பற்றி, நண்பர்களே, நமக்கு ஒரு சொல் உண்டு. எது சட்டம் என்று சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. எது அறம் என்று சொல்ல வரும்போது அது நம் எல்லாருடைய முற்றத்துக்கும் வருகிறது. அந்த முற்றத்தில் திருச்சபை நூறாண்டுக்கு மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறது.

1889-இல் லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது இரு தரப்புக்கும் இடையே நடந்து நடந்து உடன்பாடு கண்டவர் கர்தினால் மேனிங். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1891-இல், திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலை வெளியிட்டார். வேலைநிறுத்தங்களை அவர் விரும்பவில்லை. அவற்றால் விளையும் கேட்டை மறைக்கவும் இல்லை. ஆனால் அவர் காட்டிய மருந்து என்ன? மிகுந்த வேலை, குறைந்த கூலி ஆகிய காரணங்களை அரசு முன்கூட்டியே களைய வேண்டும் என்றார். நள்ளிரவில் கதவைத் தட்டச் சொல்லவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல், பேச்சுவார்த்தையே முதல் வழி என்று சொல்லிவிட்டு, இறுதி வழியாக வேலைநிறுத்தம் தேவைப்படலாம் என்று ஏற்றது.

1981-இல் இரண்டாம் யோவான் பவுல் எழுதிய சுற்றுமடலை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்திய ஆண்டு, போலந்தின் க்தான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் தொழிலாளர்கள் வாயிற்கதவில் திருத்தந்தையின் படத்தையும் அன்னை மரியாவின் படத்தையும் மாட்டிவைத்து வேலையை நிறுத்தினார்கள். அந்தத் தளம் தனியார் ஆலை அன்று, அரசின் ஆலை. அவர்கள் எதிர்த்து நின்றது, தொழிலாளரின் பெயரால் ஆண்ட அரசை. அன்று நம் பங்குகளில் அவர்களுக்காகச் செபித்தோம். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. போலந்துக்காரன் அரசை எதிர்த்து வேலையை நிறுத்தினால் அது விசுவாசத்தின் வெற்றி. சைதாப்பேட்டைக்காரன் நிறுத்தினால் அது சோம்பேறித்தனமா?

அந்தச் சுற்றுமடல் தகுந்த சூழலில், நியாயமான வரம்புக்குள் நடக்கும் வேலைநிறுத்தத்தை ஏற்கிறது. அதில் பங்கேற்றவர்களுக்குத் தண்டனை அச்சம் இருக்கக்கூடாது என்கிறது. இங்கே நிறுத்திக்கொண்டு சங்க மேடையில் கைதட்டல் வாங்கலாம். ஆனால் அதே பத்தியில் திருத்தந்தை மேலும் சொல்கிறார். அது கடைசி ஆயுதம். கட்சி அரசியல் ஆட்டத்துக்கு அதைப் பயன்படுத்தக்கூடாது. சமூகத்துக்கு இன்றியமையாத பணிகள் எப்போதும் நடைபெற உறுதி செய்யப்பட வேண்டும். தேவையானால் சட்டம் இயற்றியேனும். சங்கங்கள் கட்சிகளின் கட்டளைக்குக் கீழ்ப்பட்டுவிடக் கூடாது. தம் குழுவின் தன்னலத்துக்கு மட்டும் உழைக்கக் கூடாது.

டெஸ்மாவைப் புகழும் என் அன்பிய நண்பருக்கு முதல் பாதி கசக்கும். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சந்தா செலுத்திய என் சங்கத்துக்கு இரண்டாம் பாதி கசக்கும். ஆம், நானும் தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றில் பணியாற்றி, அழைப்பு வந்தபோதெல்லாம் வெளியே நின்றவன்தான். ஒருமுறை இரண்டு நாள் வேலைநிறுத்தம் முடிந்து கிளையைத் திறந்தபோது, முதியோர் உதவித்தொகை வாங்க வந்த பாட்டி ஒருவர் வாயிற்படியில் உட்கார்ந்திருந்தார். முந்திய நாளும் வந்து திரும்பியிருக்கிறார். "நீங்க ஜெயிச்சிட்டீங்களா தம்பி?" என்று கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார். நாங்கள் எதற்காக நின்றோம் என்பதை அவருக்குச் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் அதுவரை தோன்றியிருக்கவில்லை.

சங்கங்களின் மேல் எனக்குள்ள குறை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

2018 ஜனவரி 4 அன்று மாலை, ஊதியப் பேச்சு முறிந்ததும், ஓடிக்கொண்டிருந்த பேருந்துகள் வழியிலேயே நிறுத்தப்பட்டன. சென்னையில் வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள் இரவில் சாலையில் இறங்கி நின்றார்கள். எங்கள் குடியிருப்பில் நான்கு வீடுகளில் வேலை செய்யும் ஒரு பெண், அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை அடையாற்றங்கரையில், நடந்து வரும் தொலைவில் வாழ்ந்தவர். கரையோரக் குடிசைகளை அகற்றியபோது அவர் குடும்பத்துக்குப் பெரும்பாக்கத்தில் அடுக்கு வீடு கொடுத்தார்கள். வீடு போனது பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால். வேலை இங்கேயே நின்றுவிட்டது. இரண்டையும் இணைக்கும் கயிறு மாநகரப் பேருந்து ஒன்றே. அந்தக் கயிறு அறுந்து, ஜனவரி 11 மாலைவரை அறுந்தே கிடந்தது. பங்கு ஆட்டோவுக்குக் கொடுக்கக் காசின்றி இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் கடன் வாங்கி வந்தார். நான்கு வீடுகளில் ஒரு வீடு சம்பளத்தைப் பிடித்துக்கொண்டது. (எந்த வீடு என்று கேட்காதீர்கள். ஞாயிறுதோறும் திருப்பலியில் வாசகம் வாசிக்கும் வீடு.) காரில் போகும் செயலாளரையோ விமானத்தில் போகும் அமைச்சரையோ அந்த வேலைநிறுத்தம் தொடவில்லை. அது நேராகச் சென்று தைத்தது அந்தப் பெண்ணின் அரிசிப் பானையில்.

ஓட்டுநர் நடத்துநர்களின் கோரிக்கை பொய்யானதா? இல்லை. ஊதிய உயர்வுக்கான பெருக்கல் காரணி 2.57 வேண்டும் என்றார்கள், அரசு 2.44 என்றது. அதைவிடக் கனமான இன்னொரு குற்றச்சாட்டு இருந்தது. தொழிலாளரின் சம்பளத்திலிருந்து சேமநல நிதிக்கும் காப்பீட்டுக்கும் பிடித்த பணம் உரிய இடத்தில் கட்டப்படாமல் நிர்வாகச் செலவுக்கே போனது என்றும், ஓய்வு பெற்றவர்கள் தங்கள் பணிக்கொடைக்காக ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடக்கிறார்கள் என்றும் சங்கங்கள் கூறின. இதைத் துண்டறிக்கையாக அச்சிட்டு ஒரு மாதம் பயணிகளிடம் கொடுத்திருந்தால், அந்தப் பெரும்பாக்கத்துப் பெண்ணே அவர்கள் பக்கம் நின்றிருப்பார். பிடித்த கூலி கூக்குரலிடும் என்பதை அவருக்கு யாக்கோபின் திருமுகம் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் பயணியிடம் பேச யாருக்குத் தோன்றியது? அவர் பேருந்தில் ஏறுகிறவர், அவ்வளவுதான்.

அடுத்து, கட்சி. 2018-இல் அ.தி.மு.க. ஆட்சி. தி.மு.க.வின் தொழிலாளர் முன்னேற்றச் சங்கம் வேலைநிறுத்தத்தில் நின்றது. அண்ணா தொழிற்சங்கப் பேரவையினர் வண்டிகளை ஓட்டினார்கள். 2024-இல் தி.மு.க. ஆட்சி. அண்ணா தொழிற்சங்கப் பேரவை வேலைநிறுத்தத்தில் நின்றது, தொ.மு.ச.வினர் வண்டிகளை ஓட்டினார்கள். அதே பணிமனை, அதே நிலுவை, ஓய்வு பெற்றவர்களின் அதே கண்ணீர். ஸ்டியரிங் மட்டும் கைமாறியது. சி.ஐ.டி.யு. இரண்டு முறையும் வெளியே நின்றது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அவர்களுடைய மற்றக் கொள்கைகளோடு எனக்கு உடன்பாடு இல்லை என்றாலும், இதில் அவர்கள் நிறம் மாறவில்லை. கோட்டையில் யார் அமர்ந்திருக்கிறார் என்பதைப் பார்த்துப் பசியை அளக்கும் சங்கம், தொழிலாளரின் சங்கமா, கட்சியின் தாழ்வாரமா? திருத்தந்தை ரோமையில் இருந்துகொண்டு 1981-இல் எழுதியதை நம் பல்லவன் சாலையைப் பார்த்து எழுதினாரோ என்று எனக்குச் சில வேளை தோன்றும்.

மூன்றாவது குறை எல்லாவற்றிலும் பெரியது. அதற்கு நாம் வடசென்னைக்குப் போக வேண்டும்.

1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூர்ப் பகுதியில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் தொடக்கி வைத்தார்கள், பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. துணைத் தலைவர். இந்தியாவில் ஒழுங்காக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாறு அதைச் சொல்கிறது. பக்கிங்காம் கர்னாடிக் ஆலையின் தொழிலாளிக்கு, சோறு உண்ணப் போதிய இடைவேளை வேண்டும் என்பதுபோன்ற எளிய கோரிக்கைகளே அதன் தொடக்கம். ஆலை நிர்வாகமான பின்னி நிறுவனம் வாடியா மீது வழக்குப் போட்டது. உயர் நீதிமன்றம் தடையாணை கொடுத்தது. வேலைநிறுத்தம் பற்றிப் பேசுவதே குற்றமாகிவிட்ட அந்த நிலையிலிருந்துதான் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம் பிறந்தது. நம் நாட்டின் சங்க உரிமை முழுவதற்கும் தாய்வீடு சென்னைதான். 1923-இல் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன்முறையாக மே நாள் கொண்டாடியதும் இந்தக் கடற்கரையில்தான். (மே 1-ஐத் தொழிலாளரான புனித யோசேப்பின் திருநாளாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1955-இல் அறிவித்தார். அதை நாம் பங்கில் பொங்கலும் சுண்டலுமாகக் கொண்டாடி முடித்துவிடுகிறோம்.)

ஆனால் அதே சங்கத்தின் 1921-ஆம் ஆண்டு வேலைநிறுத்தம் எப்படி முடிந்தது என்பதையும் படிக்க வேண்டும். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். சாதி இந்துத் தொழிலாளர்கள் வெளியே நின்றனர். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. மாதக்கணக்கில் நீண்ட போராட்டம் தோற்றது. பசியைத் தாங்க ஒரு சேமிப்பும் இல்லாதவனிடம், அவனை என்றும் சமமாக நடத்தாதவர்கள், 'எங்களோடு சேர்ந்து பட்டினி கிட' என்றபோது அவன் ஏன் கேட்க வேண்டும்? சங்கத்தின் வலிமை அதன் மிக எளிய உறுப்பினனின் வாழ்வளவு என்பதை அன்று கற்றிருக்க வேண்டும். நூறாண்டு கடந்தும் கற்கவில்லை.

2025 ஆகஸ்ட் முதல் நாளிலிருந்து ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் அமர்ந்திருந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்கள். அவர்கள் வேலை செய்த இரண்டு மண்டலங்களின் துப்புரவுப் பணி தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டதை எதிர்த்தார்கள். ஒரு மண்டலம் இராயபுரம். மற்றதன் பெயர் திரு.வி.க. நகர்! ஆகஸ்ட் 13 நள்ளிரவில், நீதிமன்ற ஆணையைக் காட்டி, காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. திரு.வி.க.வின் பெயரைத் தாங்கிய மண்டலத்தின் தொழிலாளியை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோன அந்த இரவில், நிரந்தரப் பணியும் அகவிலைப்படியும் உள்ள பெரிய சங்கங்கள் கோட்டையில் ஒரு மணி நேரம் பேனாவைக் கீழே வைத்திருந்தால், நான் இக்கட்டுரையின் பாதியை எழுதியிருக்க மாட்டேன்.

நம் பகுதிக்கு இது புதிதன்று. 2000-இலேயே மாநகரின் சில மண்டலங்களில் 'ஓனிக்ஸ்' வண்டிகள் வந்தன. நிறுவனங்கள் மாறின, சீருடையின் நிறம் மாறியது. குப்பை அள்ளும் கை மட்டும் நிரந்தரமாகவே இல்லை. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு கோட்டூர்புரத்துத் தரைத்தளங்கள் மூழ்கியதை யார் மறப்பார்? வெள்ளம் வடிந்தபின் நம் வீட்டு வாசலில் முழங்கால் அளவு கிடந்த சேற்றையும், ஊறிப்போன மெத்தைகளையும், செத்த நாய்களையும் அள்ளியவர்கள் வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் வந்த துப்புரவுத் தொழிலாளர்கள். மழைக்கால நிவாரணமாக வந்த சப்பாத்தியை அவர்களோடு பகிர்ந்து உண்டோம். 'நீங்கள் நிரந்தரமா, ஒப்பந்தமா?' என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. இன்றியமையாப் பணி என்று ஒன்று உண்டானால் அதுதான். டெஸ்மா போன்ற சட்டங்கள் வேலையை நிறுத்தும்போது மட்டும் ஒருவனை இன்றியமையாதவன் என்கின்றன. சம்பளம் போடும்போது அவன் தினக்கூலி.

இனி மறுபக்க வாதத்துக்கு வருகிறேன். அரசின் வருவாயில் மிகப் பெரும் பங்கு சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போகிறது; வேலையில்லாத இளைஞர் லட்சக்கணக்கில் இருக்க, வேலை உள்ளவன் மேலும் கேட்கிறான் என்பது 2003-இல் அரசின் வாதம். இது வெறும் வாதம் என்று தள்ள எனக்கு மனம் இல்லை. உழவனுக்கு ஓய்வூதியம் ஏது? மீனவனுக்கு அகவிலைப்படி ஏது? ஆனால், கொடுத்த வாக்கை மாற்ற வேண்டிய நெருக்கடி வந்தால், வாக்குக் கொடுத்தவன் எதிரே அமர்ந்து கணக்கைக் காட்ட வேண்டும். கணக்கைக் காட்டாமல் கதவைத் தட்டுவது பார்வோன் வழி. விடுதலைப் பயண நூலில் மோசே கேட்டது மூன்று நாள் விடுப்பு. பார்வோன் சொன்ன ஒரு பதில், இவர்கள் சோம்பேறிகள் என்பது; இன்னொரு பதில், செங்கல்லுக்குத் தந்த வைக்கோலை நிறுத்தியது. செங்கல் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை. அன்பிய நண்பரே, அந்த அதிகாரத்தை நாம் தவக்காலத்தில் வாசிக்கும்போது எந்தப் பக்கம் நின்று வாசிக்கிறோம்?

வேலைநிறுத்தக் கதவை அடைக்க விரும்பும் அரசு வேறொரு கதவைத் திறக்க வேண்டும். மத்திய அரசு ஊழியர்களுக்கு 1966 முதல் கூட்டு ஆலோசனை அமைப்பு உண்டு. ஊதியம், வேலை நேரம், விடுப்பு பற்றி உடன்பாடு எட்டாவிட்டால் கட்டாய நடுவர் தீர்ப்புக்குப் போகும் வழி அதில் உண்டு. அதில் குறைகள் இருக்கலாம். வழி என்று ஒன்று இருக்கிறது. 2018-இல் நம் பேருந்துகள் மீண்டும் ஓடியதும் எப்படி? உயர் நீதிமன்றம் ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவரை நடுவராக அமர்த்திய பிறகு. எட்டாம் நாள் கிடைத்த நடுவர் முதல் நாளுக்கு முன்பே கிடைத்திருந்தால் பெரும்பாக்கத்துப் பெண் கடன் வாங்கியிருக்க வேண்டாம். சங்கங்களும் தம் பங்குக்கு ஒன்று சொல்லட்டும்: காலை வேலைக்குப் போகிறவர்களுக்கும் இரவு திரும்புகிறவர்களுக்கும் வண்டி நிற்காது, மருத்துவமனையின் அவசரப் பிரிவு நிற்காது, முன்னறிவிப்பின்றி ஒரு சக்கரமும் நிற்காது. இப்படிச் சொல்லிவிட்டு நிறுத்தும் சங்கத்தின் மேல் எந்த அரசு கை வைக்கும்?

இதற்கு மாறாகச் சட்டம் போகும் திசை எது? 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு இருந்த முன்னறிவிப்புக் கட்டாயத்தை எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் விரித்திருக்கிறது. பாதிப் பேர் ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம். முன்னறிவிப்பை நான் எதிர்க்கவில்லை. மேலே நானே கேட்டேன். முன்னறிவிப்புக் கொடுத்த பதினான்கு நாளில் முதலாளியோ அரசோ வந்து உட்கார வேண்டும் என்ற கட்டாயம் அதே கடுமையோடு இருக்கிறதா என்பதே என் கேள்வி. சங்கம் அமைக்கும் உரிமை பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87, 98-ஆம் உடன்படிக்கைகள் 1948, 1949-ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. இந்தியா அவ்விரண்டையும் இன்றுவரை ஏற்று உறுதிசெய்யவில்லை. அரசு ஊழியருக்கும் அந்த உரிமையைத் தர வேண்டியிருக்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று.

நம் கோட்டூர்புரத்துக்கு அருகிலேயே, கிண்டி ஆளுநர் மாளிகையின் பணியாளர்கள் ஒரு காலத்தில் சங்கம் பதிவு செய்யப் போனார்கள். அவர்கள் செய்வது தொழில் அன்று, ஆளுநருக்குச் செய்யும் தனிப்பட்ட பணிவிடை என்று சொல்லிப் பதிவு மறுக்கப்பட்டது. 1960-களின் தொடக்கத்தில் உயர் நீதிமன்றமும் அதையே ஏற்றது. தோட்டக்காரனும் சமையற்காரனும் தொழிலாளி ஆவதற்கே இந்த நாட்டில் வழக்காட வேண்டியிருந்தது. நம் சொந்த நிறுவனங்களில், மானியம் பெறாத பள்ளிகளில், எத்தனை ஆயிரம் ரூபாய்க்குக் கையெழுத்து வாங்கி எத்தனை கொடுக்கிறோம் என்பதையும் இத்தருணத்தில் நினைத்துப் பார்க்கலாம். அங்கே ஒரு சங்கம் தொடங்கினால் நாம் எடுக்கப்போகும் முதல் நூல் சுற்றுமடலா, நடத்தை விதியா? இதற்கு மேல் நான் எழுதினால் ஆசிரியர் குழுவுக்குத் தொல்லை. 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட புதிய திருத்தந்தை, 'ரேரும் நோவாரும்' தந்தவரை நினைந்து பதினான்காம் லியோ என்று பெயர் சூடியபோது நாமெல்லாம் ஆலய மணி அடித்தோம். அப்பெயர் நமக்கும் சேர்த்துத்தான்.

இனி, தேநீர் ஊற்றிய அந்த வீட்டுத் தலைவர். 2003-இல் அவர் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். சங்கத்தில் பொறுப்பு ஏதும் கிடையாது. எல்லாரும் நின்றார்கள், அவரும் நின்றார். நீக்கப்பட்டவர் பட்டியலில் தம் பெயரைப் பார்த்தபோது மூத்த மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரியில் சேரக் காத்திருந்தாள். ஒரு மாதம் உறவினர் கடையில் கணக்கு எழுதினார். பிறகு அச்சடித்த தாள் வந்தது, நிபந்தனையற்ற மன்னிப்பு, கையெழுத்திட்டார். 2004 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் ஆளுங்கட்சிக் கூட்டணி இழந்தபின் அரசு தன் நடவடிக்கைகளைத் திரும்பப் பெற்றது. வேலை திரும்பியது, சலுகைகள் சில திரும்பின. அத்தாள் திரும்பவில்லை. அதன் ஒளிநகல் ஒன்றை வீட்டுப் பத்திரமும் திருமுழுக்குச் சான்றுகளும் இருக்கும் கோப்பில் வைத்திருக்கிறார். ஒருமுறை எனக்குக் காட்டினார். "என்ன தப்பு செஞ்சேன்னு எழுத அதுல இடமே இல்ல அண்ணே," என்றார்.

அன்று மாலை அந்தப் பெரியவர் 2003-ஐப் புகழ்ந்து முடித்தபோது, இவர் மனைவி கணவரின் முகத்தைப் பார்த்ததை நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை. "இன்னும் கொஞ்சம் டீ எடுத்துக்கோங்க சார்," என்று பெரியவரின் குவளையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.